முறைத் தண்ணீர்

திங்கட்கிழமை. திருவாரூர், ஆட்சியர் அலுவலகம்.
வரிசை எண் நாற்பத்தேழு.
மேலே நான்கு மின்விசிறிகள்.
மூன்றாவதில் ஓர் இறக்கை வளைந்திருக்கிறது,
அதன் டக் டக் என் பல்லுக்குள் கேட்கிறது.
"பேர் என்ன?" என்கிறார் அதிகாரி
என் அண்ணனைப் பார்த்து.
தியாகேசன், என்கிறான் அண்ணன்.
"வயசு?" முப்பத்தொன்று.
"கையெழுத்துப் போடுவாரா?"
போடுவேன்.
அது யாருக்கும் கேட்கவில்லை,
நான் இன்னும் சொல்லவில்லை.

கேள்வியைக் கல்லணையில் திறக்கிறார்கள்.
தென்பெரம்பூரில் அது பிரிய வேண்டும்,
ஓடம்போக்கியில் நுழைய வேண்டும்,
வாய்க்கால், கன்னி வாய்க்கால், பிறகுதான் என் வாய்.
அதற்குள் மேல்மடைக்காரர்கள்
அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

கமலநாதன் கெட்டவன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியில் குத்தும் துணியை
பிளேடால் பிரித்துத் தருகிறவன் அவன்தான்.
ஆனால் மனுவில் இருப்பது:
தம்பியைத் தஞ்சாவூர் விடுதியில் சேர்க்கவும்.
தம்பி பங்கு ஆறு மாவுக்குக் காப்பாளராக என்னை நியமிக்கவும்.
நல்ல இடம், என்கிறார் விடுதிக்காரர்.
கட்டிலுக்கு இவ்வளவென்று மாதாமாதம் அவருக்கு வரும்.
நல்ல இடம், என்கிறது அலுவலகம்.
அதற்குக் கோப்பை மூடியாக வேண்டும்.
எனக்காகப் பேசிய எல்லோருக்கும்
என்னிடமிருந்து ஏதோ வேண்டியிருந்தது.

ஜொகராம்மாள் கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்.
சொந்தமில்லை. விடுதியின் சம்பளமில்லை, அலுவலகத்தின் சம்பளமும் இல்லை.
முதல் செவ்வாய் ஒன்றும் கேட்காமல்
மோட்டார் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.
அடுத்த செவ்வாய் என் அளவுக் கம்பத்தைக் காட்டினேன்.
"எங்கே இருக்கணும் உங்களுக்கு?" மூன்றாம் செவ்வாய்.
பதில் நான்காம் செவ்வாய்தான் வந்தது.
ஏழு நாளும் அந்தக் கேள்வியை
அடைக்காமல் வைத்திருந்தார்.
"உங்களுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது"
என்றும் சொன்னார்.
அப்படிச் சொன்ன முதல் ஆள்.

இந்த ஊரில் கன்றைப் பறிகொடுத்த பசு
மணி அடித்து நீதி கேட்டதாம்.
கோயிலுக்கு வெளியே கல்தேர் கூட இருக்கிறது.
மணி அடித்தால் நான் ஓடிவிடுவேன்.
மணி இல்லாத ஒரு வாசல் எனக்கு வேண்டும்.

இன்று ஜொகராம்மாள் விசிறியை நிறுத்தச் சொன்னார்.
அதிகாரியின் நாற்காலியை என் பக்கம் திருப்பச் சொன்னார்.
பிறகு பேசவே இல்லை.
சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நான் படித்தேன்:

ஓடம்போக்கிக் கரையில் இருப்பேன்.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தண்ணீர் அளவு எழுதுவேன்.
பதினோரு வருஷ நோட்டு இருக்கிறது.
தாழ்ப்பாள் என் பக்கம் உள்ள அறை வேண்டும்.
சமைக்கத் தெரியாது, அதற்கு ஆள் வேண்டும்.
ஆள் வேண்டும் என்றால்
நிலம் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

கடைசி வரிக்கு நான்கு நிமிஷம் ஆயிற்று.
பின்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள்.
அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அடுத்த மாதம் எட்டாம் தேதி, என்றார் அதிகாரி,
என்னைப் பார்த்து.

வெளியே பெஞ்சில் எண் ஐம்பத்திரண்டு.
முத்துப்பேட்டைப் பெண், பதினெட்டு இருக்கும்,
காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறாள்.
ஒரு பக்கம் அம்மா. ஒரு பக்கம் மாமாவும் காகிதக் கட்டும்.
ஜொகராம்மாள் டைரியைப் புரட்டுகிறார்.
செவ்வாய் நிறைந்துவிட்டது. புதனும்.
மாவட்டம் முழுக்க அவர் ஒருத்தர்,
பஸ் டிக்கெட்டும் அவர் காசு.
"ஐப்பசிக்குத்தான் வர முடியும்மா."
இது ஆனி.

அணை நிரம்பியது என்று பேப்பரில் போடுவார்கள்.
கம்பத்தில் ஏறாமல்
கடைமடையில் நாங்கள் அதை எழுதுவதில்லை.

உள்ளே விசிறியை மறுபடி போட்டுவிட்டார்கள்.
அவள் இன்னும் வேகமாக ஆடுகிறாள்.
ஸ்விட்ச் எங்கே என்று
எனக்குத் தெரியும்.